தளர்ந்த சிறுநீரகமும் தடம் மாறிய இதயத்துடிப்பும்



இம்மலருக்கு மருத்துவக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டபோது, இனிப்புநீர் பற்றியோ கொழுப்புச்சத்து பற்றியோ எழுதிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். அவற்றைப் பற்றி எழுத அன்பர்கள் பலர் இருக்கின்றனர். ஆனால் நம் இலவச மருத்துவ முகாம்களில், ஜாசின் பக்கத்திலிருந்தும் அலோர் காஜா பக்கத்திலிருந்தும் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வரும் முதியவர்கள் என் மேசையில் அமர்ந்து திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கிட்னி கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்கய்யா. இந்த ரத்தம் இளகுற மாத்திரையைச் சாப்பிடலாமா, விட்டுடலாமா?" மலாயில் 'ஊபாட் சாயிர் டாரா' என்று சொல்லிக் கொடுக்கிறார்களே, அந்த மாத்திரையைப் பற்றிய கேள்வி அது.

அரசாங்க மருந்தகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அப்படியிருந்தும் இந்தக் கேள்வி என் சொந்த வீட்டில் எழுந்தபோது இரண்டு முறை தவறினேன். அதையும் மறைக்காமல் எழுதுவதே முறை.

மங்கில் தேங்கிய பால்

இந்த மாத்திரை இரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மரத்திலிருந்து வழிந்தோடும்போது பால் பாலாகவே இருக்கும். மங்கில் இறங்கி, எடுக்க ஆளில்லாமல் தேங்கி நின்றால் கட்டியாகிவிடும். கட்டியாகாமல் இருக்க வேண்டுமானால் அமோனியா கலக்க வேண்டும். இரத்தமும் ஏறக்குறைய அப்படித்தான். ஓட்டம் தடைப்பட்டுத் தேங்கும் இடத்தில் உறையத் தொடங்கும்.

நம் இதயத்தின் மேலறைகள் இரண்டும் சீராகச் சுருங்கிக் கீழறைகளுக்கு இரத்தத்தை அனுப்ப வேண்டும். வயதின் காரணமாகவோ, நெடுங்காலம் இருந்த இரத்த அழுத்தத்தாலோ, வால்வுக் கோளாற்றாலோ அந்த மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்குவதைத்தான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். நாடி பிடித்துப் பார்த்தால் தாளம் தப்பிய மத்தளம் போலிருக்கும். சிலருக்குப் படபடப்பு, மூச்சிரைப்பு இருக்கும். பலருக்கு ஒன்றுமே தெரியாது. இடது மேலறையின் ஓரத்தில் சிறு பை போன்ற ஒரு பகுதி உண்டு. வால்வுக் கோளாறு இல்லாதவர்களுக்கு, அந்த மேலறையில் உண்டாகும் இரத்தக்கட்டிகளில் பத்தில் ஒன்பது அந்தப் பையில்தான் உண்டாகின்றன. அங்கிருந்து ஒரு கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்னும் ஊரின் மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1991-இல் வெளியிட்ட ஆய்வு, இக்கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கண்டது. எண்பதுகளில் இருப்போருக்கு வரும் பக்கவாதங்களில் நான்கில் ஒன்றுக்கு இதுவே காரணம் என்றும் அது கூறிற்று.

தடுப்பதற்கு முதலில் வந்த மருந்து வார்ஃபரின். அதன் கதை சுவையானது. 1920களில் கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளிகளிலும் பூஞ்சைபிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் செத்து விழுந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் லிங்க் என்னும் இரசாயனப் பேராசிரியரிடம் 1933-இல் ஒரு குடியானவர் செத்த மாட்டையும் உறையாத இரத்தம் நிறைந்த பால் கேனையும் பனிப்புயலில் கொண்டுவந்து சேர்த்தார். அதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியில் பிறந்த வார்ஃபரின், 1948-இல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மாரடைப்பு கண்ட அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு அது கொடுக்கப்பட்டது. "எலி மருந்தையா எங்களுக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று முகாமில் கோபிக்கும் அன்பர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த ஐசன்ஹோவர்தான்.

வார்ஃபரின் சாப்பிடுவோர் 'ஐ.என்.ஆர்.' என்னும் இரத்தப் பரிசோதனைக்கு அடிக்கடி போக வேண்டும். அந்த எண் 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் கசிவு. முருங்கைக்கீரை போன்ற கீரைகளில் உள்ள 'வைட்டமின் கே' அந்த எண்ணை இறக்கிவிடும். புரட்டாசியில் சைவத்துக்கு மாறித் திடீரென்று தினமும் கீரை உண்பவர்களுக்கு அம்மாதத்தில் எண் தடுமாறுவது வழக்கம். கீரையை விலக்க வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் ஒரே அளவாக உண்டால் போதும். சிஞ்சே கடை வேர்களும் ஜாமுவும் வேறு கதை. அவற்றை மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பிடவே கூடாது.

இருபுறமும் கூரான கத்தி

இனிச் சிறுநீரகத்துக்கு வருவோம். நம் நாட்டில் 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் நிலைக்கு மலேசியரைக் கொண்டுவரும் முதல் காரணமும் இனிப்புநீரே. ஆகவே தளர்ந்த சிறுநீரகமும் தாளம் தப்பிய இதயமும் ஒரே உடம்பில் சந்திப்பது நம்மவரிடையே அரிதன்று.

இந்தச் சந்திப்பில்தான் சிக்கல். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்து கூடுகிறது. அதே சமயம், கழிவுகள் தேங்குவதால் இரத்தத்தின் தட்டணுக்கள் சரியாக வேலை செய்யாமல் கசியும் ஆபத்தும் கூடுகிறது. மருந்தோ உடம்பைவிட்டு வெளியேறாமல் தங்கிவிடுகிறது. பக்கவாத ஆபத்தைக் கணக்கிட மருத்துவர்கள் போடும் மதிப்பெண்ணில் வயது, இரத்த அழுத்தம், இனிப்புநீர், முன்பு வந்த பக்கவாதம் எல்லாம் உண்டு, சிறுநீரகம் இல்லை. இரத்தக்கசிவு ஆபத்துக்கான மதிப்பெண்ணில் மட்டும் அது இருக்கிறது. இதனால் கசிவைப் பற்றிய அச்சம் மேலோங்கிச் சிலருக்கு மருந்தே கொடுக்கப்படாமல் போகிறதோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

என் சின்னம்மாவுக்கு நேர்ந்தது

என் தாயாரின் தங்கை ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் பால் வெட்டியவர். தோட்டம் துண்டாடப்பட்டபின் மகனுடன் தாமான் வீட்டுக்குக் குடிவந்தார். 75-ஆவது வயதில் இதயத்துடிப்புக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. அடிக்கடி ஐ.என்.ஆர். பார்க்க அழைத்துப்போக ஆளில்லாததால், பரிசோதனை தேவைப்படாத புதிய மருந்தான டபிகாட்ரான் கொடுக்கப்பட்டது. அப்போது சிறுநீரகம் ஓரளவு நன்றாகவே இருந்தது. மாதந்தோறும் மாத்திரையை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான்.

டபிகாட்ரானில் ஐந்தில் நான்கு பங்கு சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேற வேண்டும். மருந்தகத்தில் இளையவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்த பாடம் அது. ஆனால் மூன்று ஆண்டுகளில் கடைசி ஒன்றரை ஆண்டு சிறுநீரகப் பரிசோதனை செய்ததா என்று நான் கேட்கவேயில்லை. முட்டிவலிக்குக் கடையில் வாங்கிய வலி மாத்திரையை அவர் தினமும் விழுங்கிவந்ததும் எனக்குத் தெரியாது. அந்த வலி மாத்திரை சிறுநீரகத்தையும் கெடுக்கும், வயிற்றையும் புண்ணாக்கும். ஒருநாள் மலம் தார் போலக் கறுத்துப் போயிற்று. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் குளியலறையில் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 6. மூன்று பை இரத்தம் ஏற்றினார்கள்.

கிரியேட்டினின் 180 மைக்ரோமோல் என்று அறிக்கையில் இருந்தது. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 1976-இல் காக்கிராஃப்ட், கால்ட் என்னும் இருவர் தந்த ஒரு கணக்கு இன்றும் மருந்தளவுக்குப் பயன்படுகிறது. 140-லிருந்து வயதைக் கழித்து, உடல் எடையால் பெருக்கி, பெண்ணானால் 1.04-ஆலும் ஆணானால் 1.23-ஆலும் பெருக்கி, கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். சின்னம்மாவுக்கு வயது 78, எடை 46 கிலோ. 62-ஐ 46-ஆலும் 1.04-ஆலும் பெருக்கினால் 2966. 180-ஆல் வகுத்தால் 16 சொச்சம். அதே 180 ஒரு நாற்பது வயது, 75 கிலோ எடையுள்ள ஆணுக்கு இருந்தால் விடை 51. மெலிந்த கிழவிக்குத் தசை குறைவு. தசையிலிருந்து வரும் கிரியேட்டினினும் குறைவு. ஆகவே எண் சாதுவாகத் தெரியும், சிறுநீரகமோ கடைசிப் படியில் நிற்கும். 30-க்குக் கீழே போனபின் டபிகாட்ரான் கூடாது என்பது பெரும்பாலான நாடுகளின் விதி. சின்னம்மா 16-இல் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அது என் முதல் தவறு. இரண்டாவதும் அதிலிருந்தே பிறந்தது. மருந்தை நிறுத்திய மருத்துவர், "ஆறு வாரம் கழித்து வாருங்கள், மேற்கொண்டு என்ன செய்வதென்று பேசுவோம்" என்றார். பயந்துபோயிருந்த குடும்பத்தார் என் முகத்தைப் பார்த்தார்கள். "இனி அந்தப் பக்கமே போக வேண்டாம்" என்று நான் சொல்லிவிட்டேன். கண்ணால் கண்ட இரத்தம் அப்படி மிரட்டிவிட்டது. காணாத கட்டி யாரையும் மிரட்டுவதில்லை. ஐந்து மாதம் கழித்து, விடியற்காலையில் பூசையறையில் விளக்கேற்றும்போது வலது கை தளர்ந்து தீப்பெட்டி விழுந்தது, பேச்சு குழறியது. இருபது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அது எச்சரிக்கைப் பக்கவாதம். பிள்ளையார் காப்பாற்றினார் என்று சின்னம்மா சொல்வார். நான் மறுக்கவில்லை.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

மீண்டும் நிபுணரிடம் போனோம். அவர் நேர்மையானவர். "இவரைப் போன்றவர்களுக்கு எது சரி என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை" என்றுதான் தொடங்கினார். உண்மைதான். புதிய மருந்துகளை வார்ஃபரினோடு ஒப்பிட்ட பேராய்வுகள் மூன்றை எடுத்துக்கொள்வோம்: டபிகாட்ரானுக்கு 2009-இல் 'ரீ-லை', ரிவரோக்ஸபானுக்கும் அபிக்ஸபானுக்கும் 2011-இல் 'ராக்கெட்', 'அரிஸ்டாட்டில்'. மூன்றிலும் சேர்ந்து ஐம்பதாயிரம் பேர். முதல் இரண்டில் 30-க்குக் கீழே உள்ளவர்களையும் மூன்றாவதில் 25-க்குக் கீழே உள்ளவர்களையும் சேர்க்கவேயில்லை. 16-இல் உள்ள கிழவிக்கு அந்த ஐம்பதாயிரம் பேரும் நேரடிச் சாட்சியாக மாட்டார்கள்.

கிடைக்கும் சிறு வெளிச்சம் அபிக்ஸபான் பக்கம்தான். அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவது கால்பங்குக்குச் சற்றே அதிகம். அரிஸ்டாட்டில் ஆய்வில் 25-க்கும் 30-க்கும் இடைப்பட்டவர்கள் 269 பேர் இருந்தனர்; அவர்களிடம் வார்ஃபரினைவிட அபிக்ஸபானால் கசிவு குறைவாக இருந்ததென்று 2020-இல் வெளியிட்டனர். முற்றிய சிறுநீரக நோயில் வார்ஃபரினுக்கு வேறு குறைகளும் உண்டு. ஐ.என்.ஆர். நிலையாக நிற்பதில்லை, இரத்தக்குழாய்களில் சுண்ணாம்பு படிவதைத் தூண்டுகிறது.

"அதற்குப் பதில் வெறும் ஆஸ்பிரின் கொடுத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் 75 வயதைக் கடந்த 973 பேரிடம் நடத்திய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. வார்ஃபரின் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் ஆஸ்பிரின்காரர்களுக்கு வந்ததில் பாதியே. பெரிய கசிவுகளில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே ஆஸ்பிரினை 'பாதுகாப்பான பாதி வழி' என்று எண்ணுவது வீண்.

இரத்தச் சுத்திகரிப்பில் உள்ளவர்களின் நிலை இன்னும் மங்கல். அமெரிக்காவில் 154 பேரைக் கொண்ட ஆய்வு 2022-இலும், ஜெர்மனியில் 97 பேரைக் கொண்ட ஆய்வு 2023-இலும் வெளிவந்தன. எந்த மருந்து மேல் என்று சொல்ல இரண்டுமே போதவில்லை. அமெரிக்க ஆய்வில் பக்கவாதத்தைப் போல் சுமார் பத்து மடங்கு கசிவுகள் நேர்ந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே அபிக்ஸபானை, சுத்திகரிப்பில் உள்ளோருக்குக் கொடுக்கலாம் என்கிறது அமெரிக்க விதி. 15-க்குக் கீழே பரிந்துரைப்பதற்கில்லை என்கிறது ஐரோப்பிய விதி. இந்நிலையில் உள்ள ஒருவருக்கு மருந்து வேண்டாம் என்று ஒரு மருத்துவர் முடிவு செய்தால் அதை அலட்சியம் என்று தூற்றாதீர்கள். அதுவும் யோசித்து எடுத்த முடிவாக இருக்கலாம். மேலறைப் பையைக் கருவியால் அடைத்துவிடும் சிகிச்சையும் உண்டு. அதற்குப் பிறகும் சில காலம் மருந்து தேவைப்படும்; எல்லா முதியவர்களுக்கும் அது ஏற்றதன்று.

சின்னம்மாவிடம் நிபுணர் இரண்டு ஆபத்துகளையும் ஒரு தாளில் எழுதிக் காட்டி, எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள் என்று கேட்டார். நான் மொழிபெயர்க்கத் தொடங்குமுன் அவரே சந்தை மலாயில் பதில் சொல்லிவிட்டார். பிறகு என்னிடம் தமிழில்: "உங்க சித்தப்பா நாலு வருஷம் படுத்த படுக்கையா கெடந்தாரு தம்பி. நாந்தான் அள்ளிப் போட்டேன். ரத்தம் போனா ஏத்திக்கலாம். அந்தக் கெடை எனக்கு வேண்டாம்." சித்தப்பாவுக்கு வந்ததும் பக்கவாதமே. ஆய்வு எதுவும் தராத விடையை அவர் தம் வாழ்க்கையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வேறொருவர் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருக்கலாம், அதுவும் சரியே.

அபிக்ஸபான் 2.5 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று என்று தொடங்கினார்கள். வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியேட்டினின் 133 அல்லது அதற்கு மேல் என்னும் மூன்றில் இரண்டு பொருந்தினால் இந்தப் பாதி அளவுதான். வலி மாத்திரை நிறுத்தப்பட்டுப் பாராசிட்டமால் வந்தது. வயிற்றுக்கு ஒரு காப்பு மாத்திரை. இரத்த அழுத்தத்தைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தினார்கள். மூளைக்குள் கசிவு வராமலிருக்க அது மிக முக்கியம். சிறுநீரகப் பரிசோதனை எப்போது? மேலே சொன்ன கணக்கின் விடையைப் பத்தால் வகுத்தால் எத்தனை வருகிறதோ, அத்தனை மாதத்துக்கு ஒருமுறை. சின்னம்மாவுக்கு ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை. இப்போது நாள்காட்டியில் நானே குறித்து வைக்கிறேன்.

மாசி மகமும் மாத்திரையும்

செங் சன்னாசிமலை மாசி மகம் வரும்போதும் தைப்பூசத்தின்போதும் எனக்குக் கவலை பிறக்கும். இம்மருந்து சாப்பிடும் பெரியவர்கள் அலகு குத்திக்கொள்ளக் கூடாது. பால்குடம் எடுத்து நேர்த்திக்கடனைச் செலுத்தலாம். முடி காணிக்கை செலுத்துபவர்கள் சவரக்கத்தி வைப்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விரதத்துக்காக மாத்திரையை நிறுத்துவது இன்னும் ஆபத்து. வார்ஃபரினின் வேலை சில நாள் உடம்பில் நிற்கும். அபிக்ஸபானோ ஒரு நாள் விட்டாலே காவல் போய்விடும். ஒரு மிடறு தண்ணீரோடு மாத்திரை விழுங்குவதால் விரதம் குலையாது என்பது என் துணிபு. சிறுநீரகம் தளர்ந்தவர்கள் விரதம் முடித்து இளநீரை வயிறு நிறையக் குடிப்பதும் தவறு. அதில் உள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும்.

பல் பிடுங்கவோ கண் அறுவைக்கோ போகும்போது மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எத்தனை வேளை விட வேண்டும், விட வேண்டுமா என்பதையே கொடுத்த மருத்துவர் சொல்லட்டும். சில சிகிச்சைகளுக்கு நிறுத்தவே தேவையில்லை.

சின்னம்மாவுக்கு இப்போது வயது 80. இரண்டு ஆண்டுகளாகக் கசிவுமில்லை, பக்கவாதமுமில்லை. ஆனால் சிறுநீரக எண் 14-க்கு இறங்கிவிட்டது. சுத்திகரிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாத்திரையைத் தொடர்வதா என்பதை அடுத்த சந்திப்பில் மீண்டும் பேச வேண்டும். என்ன முடிவாகும் என்று எனக்குத் தெரியாது. இம்முறை போகாமல் இருக்கமாட்டோம்.

கறுத்த மலம், நிற்காத மூக்கு இரத்தம், விழுந்து தலையில் அடி இவற்றுக்கும், வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் இவற்றுக்கும் ஒரே வழி 999 அல்லது அருகிலுள்ள மருத்துவமனை. உறைந்த கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆனால் கடைசி மாத்திரை எப்போது சாப்பிட்டார் என்று தெரியாமல் அதைப் போட மாட்டார்கள். அவசர வேளையில் பிள்ளைகளுக்கு மருந்தின் பெயரே நினைவுக்கு வராது. சின்னம்மாவின் அடையாளக் கார்டுக்குப் பின்னால் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்: மருந்தின் பெயர், அளவு, சாப்பிடும் நேரம், எடை, கடைசியாகப் பார்த்த கிரியேட்டினின், பார்த்த தேதி. அப்படியொரு சீட்டு வேண்டுவோர் அடுத்த முகாமுக்கு மருந்துப் பை முழுவதையும், சிஞ்சே கடைப் பொட்டலம் உட்பட, எடுத்து வாருங்கள். உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.